150 டிகிரியில் ஆல்ஃபா மிகை: கருவின் உருவமா, டெலஸ்கோப்பின் வேலையா?

வெள்ளி105 | 2023 பிப்ரவரி 6, காலை 9:42

கார்பன்-12 பீம், 60 எம்.இ.வி. (மெகா எலக்ட்ரான்வோல்ட்). டார்கெட் நியோபியம்-93, தாங்கி இல்லாத உருட்டுத் தகடு, சதுர செ.மீ.க்கு 1 மில்லிகிராம். இரண்டும் இணைந்து உருவாகும் கூட்டுக்கரு வெள்ளி-105, கிளர்வாற்றல் 53 எம்.இ.வி. பீமுக்கு இடப்பக்கம் 30 டிகிரியில் ஒரு டெலஸ்கோப் (முன்பின்னாக இரண்டு டிடெக்டர்), வலப்பக்கம் 150 டிகிரியில் இன்னொன்று. முன்னால் 50 மைக்ரான் சிலிக்கான், பின்னால் தாலியம் கலந்த சீசியம் அயோடைடு (25 மி.மீ. சதுரம், 10 மி.மீ. தடிப்பு). டார்கெட்டிலிருந்து 20 செ.மீ. தூரம்.

150 டிகிரி ஆல்ஃபா ஸ்பெக்ட்ரத்தை ‘கேஸ்கேட்’ (கூட்டுக்கரு துகள்களை ஆவியாக உதிர்ப்பதைக் கணக்கிடும் நிரல்) கணக்கோடு உச்சியில் பொருத்தினால் 8.5 முதல் 10 எம்.இ.வி. வரை தரவு கணக்குக்கு மேலே நிற்கிறது. உயர் ஆற்றல் பக்கத்து வால் பகுதி ஏறத்தாழ ஒத்துப்போகிறது. சுழற்சியால் கரு நீண்டு, முனைகளில் கூலூம் அரண் (மின்விலக்கால் எழும் ஆற்றல் தடை) தாழ்ந்து, ஆல்ஃபா அங்கிருந்து கசிகிறது என்பது என் வாதம். ஊடுருவு குணகத்துக்கான (துகள் அரணைக் கடக்கும் வாய்ப்பு) ஆரத்தை 10 சதவீதம் கூட்டினால் கோடு தரவின் மேல் உட்காருகிறது. வேறு விளக்கம் உண்டா?

பீம்லைன்_காவல் | பிப்ரவரி 6, காலை 10:15

ஆரத்தைக் கூட்டினால் எதுவும் உட்காரும். முதலில் டார்கெட்டில் கரி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பாருங்கள். டிஃப்யூஷன் பம்ப் எண்ணெய், ஓ-ரிங் கிரீஸ் எல்லாம் பீம் படும் புள்ளியில் கார்பனாக ஒட்டும். 10 மைக்ரோகிராம் படிந்தாலே சதுர செ.மீ.க்கு 5×10¹⁷ கார்பன் அணு. உங்கள் நியோபியம் 6.5×10¹⁸. எடையில் நூறில் ஒன்று, அணு எண்ணிக்கையில் பதிமூன்றில் ஒன்று. இணைவுக் குறுக்குவெட்டு (வினை நிகழும் வாய்ப்பின் அளவு, அலகு பார்ன்) இரண்டுக்கும் ஒரு பார்ன் வரிசைதான். கார்பன்+கார்பனில் ஆல்ஃபா அள்ளிக்கொண்டு வரும். வெள்ளி-105 பெரும்பாலும் நியூட்ரானையும் புரோட்டானையும்தான் உதிர்க்கும். உங்கள் மிகை அதுதான்.

மெலிந்த_சிலிக்கான் | பிப்ரவரி 6, பகல் 12:50

எண்ணிக்கை சரி, கோணம் ஒத்துவரவில்லை. கார்பன்+கார்பனில் கூட்டுக்கரு மக்னீசியம்-24. பீம் ஆற்றலில் பாதி, அதாவது 30 எம்.இ.வி., அதன் பின்னடிப்பிலேயே (கூட்டுக்கரு முன்னோக்கி நகரும் ஆற்றல்) போகிறது. ஒரு நியூக்ளியானுக்கு 1.25. அதே வேகத்தில் போகும் ஆல்ஃபாவுக்கு 5 எம்.இ.வி. 150 டிகிரியில் இந்த வேகம் முழுக்க எதிர்த்திசையில் இழுக்கும்.

கணக்கு எளிது. ஆய்வக ஆற்றலின் வர்க்கமூலம் = (5-இன் வர்க்கமூலம் × கோணத்தின் கொசைன்) + (நிறைமைய ஆற்றல் − 5 × சைன் வர்க்கம்) என்பதன் வர்க்கமூலம். நிறைமையத்தில் (நகரும் கூட்டுக்கருவோடு சேர்ந்து பார்த்தால்) 15 எம்.இ.வி. உள்ள ஆல்ஃபா 150 டிகிரியில் 3.1 ஆகத்தான் வரும். உங்கள் 8 எம்.இ.வி. வாசலை (டெலஸ்கோப் அடையாளம் காணும் குறைந்தபட்ச ஆற்றல்) தாண்ட வேண்டுமானால் நிறைமையத்தில் 24 வேண்டும். அந்த வினையில் கிடைக்கும் உச்சமே 28.8 (இணைவின் கியூ மதிப்பு அல்ல, 12C(12C,ஆல்ஃபா)20Ne வினையின் கியூ மதிப்பு, அதாவது அதில் விடுபடும் ஆற்றல் +4.62-தான் இங்கே கணக்கு). ஆக நியான்-20-இன் அடிமட்டத்துக்கும் முதல் சில கிளர்நிலைகளுக்கும் போகும் ஆல்ஃபா மட்டும்தான் 8-க்கும் 11-க்கும் நடுவே எட்டிப்பார்க்கும். அந்தக் குறுக்குவெட்டு சிறியது, அதையும் பதிமூன்றால் வகுக்க வேண்டும்.

கரி கெடுக்கும் இடம் 30 டிகிரி. நிறைமையத்தில் 7 எம்.இ.வி.யாகப் புறப்படும் சாதாரண ஆல்ஃபா அங்கே 18.8-இல் வந்து விழும். முன்கோணத்து வாலை நம்பும் முன் கார்பன் தகட்டில் தனி ஓட்டம் எடுத்து, மின்னூட்டத்துக்கு இயல்பாக்கிக் கழியுங்கள்.

பீம்லைன்_காவல் | பிப்ரவரி 6, மதியம் 1:20

150-க்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் டார்கெட்டைச் சுற்றித் திரவ நைட்ரஜன் பொறி வைக்காமல் பீம் விடாதீர்கள். டார்கெட் இல்லாத வெற்றுச் சட்டத்திலும் ஒரு ஓட்டம் வேண்டும். பீமின் விளிம்பு சட்டத்தில் உரசினால் அலுமினியத்திலிருந்து வரும் ஆல்ஃபாவுக்கு யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

சீசியம்_படிகம் | பிப்ரவரி 6, மாலை 6:05

கேலிப்ரேஷன் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதவே இல்லை. மிகை தெரியும் இடம் 8.5 முதல் 10. 50 மைக்ரான் சிலிக்கானை ஆல்ஃபா துளைத்து வெளியேறக் கிட்டத்தட்ட 8 எம்.இ.வி. தேவை. ஆக அந்தப் பகுதியில் பின்னால் உள்ள படிகத்துக்குப் போய்ச்சேரும் மிச்சம் ஒன்றிலிருந்து சில எம்.இ.வி.தான். சீசியம் அயோடைடு மிக மோசமாக நடந்துகொள்ளும் இடமே அது.

ஆல்ஃபாவுக்கு ஒளி ஆற்றலோடு நேர்விகிதத்தில் கூடாது. ஆற்றல் குறையக் குறைய அயனியாக்க அடர்த்தி ஏறும், ஒரு எம்.இ.வி.க்குக் கிடைக்கும் ஒளி குறையும். 20 எம்.இ.வி. அருகே ஒரு புள்ளியை எடுத்துப் பூஜ்யம் வழியாக நேர்கோடு இழுத்தால், 2 எம்.இ.வி. ஆல்ஃபா அதைவிடக் குறைவாகப் படிக்கப்படும். ஸ்பெக்ட்ரத்தின் இடப்பக்கம் (குறைந்த ஆற்றல் பக்கம்) இன்னும் இடப்பக்கம் சாயும். ‘அரணுக்குக் கீழே மிகை’ இலவசமாகக் கிடைக்கும்.

புரோட்டானுக்குப் போட்ட கோட்டை ஆல்ஃபாவுக்கும் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரே ஆற்றலில் ஆல்ஃபா தரும் ஒளி புரோட்டான் தருவதைவிடக் குறைவு. துகளுக்குத் துகள் தனிக் கோடு வேண்டும், டியூட்ரானுக்கும் ட்ரைட்டானுக்கும் கூட.

வெள்ளி105 | பிப்ரவரி 6, இரவு 9:30

ஆல்ஃபாவுக்குத் தனிக் கோடுதான். 24 எம்.இ.வி. கார்பன் பீமை மெல்லிய கார்பன் தகட்டில் விட்டு, நியான்-20 நிலைகளுக்குப் போகும் ஆல்ஃபா உச்சிகளை 30 டிகிரியில் எடுத்தது. மூன்று புள்ளிகள், பூஜ்யத்தோடு நான்கு. 150 டிகிரி படிகத்தையும் அதே இடத்தில் வைத்து எடுத்தோம். டார்கெட் 45 டிகிரி சாய்வு.

சீசியம்_படிகம் | பிப்ரவரி 7, காலை 7:10

அந்த மூன்று புள்ளிகளும் 30 டிகிரியில் எங்கே விழும் என்று போட்டுப் பார்த்தேன்: அடிமட்டம் 23.8, 1.63 நிலை 22.0, 4.25 நிலை 19.0 எம்.இ.வி. 19-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. சிலிக்கானில் போவதைக் கழித்தாலும் படிகத்தின் பார்வையில் எல்லாம் மேல்பாதிதான். 2 எம்.இ.வி.யில் என்ன நடக்கிறது என்று இந்தப் புள்ளிகள் எதுவும் சொல்லாது.

இன்னொன்று. அந்த வினையில் 30 டிகிரியில் ஆற்றல் ஒரு டிகிரிக்கு 0.16 எம்.இ.வி. நகர்கிறது. 25 மி.மீ. படிகம் 20 செ.மீ. தூரத்தில் 7 டிகிரி திறப்பு, உச்சி 1.1 எம்.இ.வி. அகலத்துக்கு அப்பிவிடும், 22.0-உம் 23.8-உம் ஒன்றோடொன்று உரசும். கேலிப்ரேஷன் ஓட்டத்துக்கு மட்டும் முன்னால் 2 டிகிரி பிளவு வையுங்கள். நியோபியம் ஓட்டத்தில் இந்தக் கவலை கிடையாது. 150 டிகிரியில் அங்கே ஒரு டிகிரிக்கு 0.03-தான்.

குறைந்த ஆற்றலுக்கு: சிலிக்கானைக் கழற்றிவிட்டு, தோரியம்-229 மூலத்தைப் படிகத்துக்கு நேராக வெற்றிடத்தில் வையுங்கள். அதன் வழித்தோன்றல்கள் 5.83 (ஆக்டினியம்-225), 6.34 (ஃபிரான்சியம்-221), 7.07 (அஸ்டட்டைன்-217), 8.38 (பொலோனியம்-213) எம்.இ.வி. என்று நான்கு நல்ல உச்சிகள் தரும். அமெரிசியம்-241-இன் 5.49 ஐந்தாவது. இன்னும் கீழே போக, தடிப்பு தெரிந்த அலுமினியத் தாள்களை இடையில் செருகுங்கள்.

மெலிந்த_சிலிக்கான் | பிப்ரவரி 7, காலை 8:40

இவ்வளவும் நியாயம், ஆனால் அளவைப் பாருங்கள். 2 எம்.இ.வி.யில் ஒளி 20 சதவீதம் குறைந்தாலும் பிழை 0.4 எம்.இ.வி. மொத்த ஆற்றலில் பெரும்பங்கு சிலிக்கானில் நேரடியாக அளக்கப்படுகிறது, அதில் சந்தேகம் இல்லை. உச்சிக்குக் கீழே ஒன்றரை எம்.இ.வி. அகலத்துக்கு மிகை நிற்க இது மட்டும் போதாது.

எனக்கு உறுத்துவது ‘டார்கெட் 45 டிகிரி சாய்வு’. எந்தப் பக்கம்?

வெள்ளி105 | பிப்ரவரி 7, காலை 11:00

30 டிகிரி டெலஸ்கோப் இடப்பக்கம். தகட்டின் பின்புறச் செங்கோடு (தளத்துக்கு நேர்க்குத்தான திசை) இடப்பக்கம் 135 டிகிரியைப் பார்க்கிற மாதிரி. 

மெலிந்த_சிலிக்கான் | பிப்ரவரி 7, காலை 11:25

அப்படியானால் வலப்பக்கம் 150-இல் இருக்கும் டெலஸ்கோப் செங்கோட்டிலிருந்து 75 டிகிரி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 75 டிகிரியில் தகட்டின் பயனுறு தடிப்பு 3.9 மடங்கு. 10 எம்.இ.வி. ஆல்ஃபா நியோபியத்தில் ஒரு மில்லிகிராமுக்கு கால் எம்.இ.வி. இழக்கும். தகட்டின் முன்பரப்பில் பிறந்தது அப்படியே வரும், பின்பரப்பில் பிறந்தது ஒரு எம்.இ.வி. இழந்து வரும். நடுவே சமமாகப் பரவும். உச்சியின் இடப்பக்கத்தை நெடுக இழுத்துவிட இது தாராளம்.

டெலஸ்கோப்பை இடப்பக்கம் 150-க்கு மாற்றினால் செங்கோட்டிலிருந்து 15 டிகிரி, இழப்பு 0.26-க்குள். இரண்டு பக்கமும் ஒன்று வைத்து, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முறை. ஆவியாதல் பீம் அச்சைச் சுற்றிச் சமச்சீரானது. இடம், வலம் வேறுபட்டால் குற்றவாளி கரு அல்ல.

பீம்லைன்_காவல் | பிப்ரவரி 7, காலை 11:40

முக்கோணவியலில் தேறாததால் கரு நீண்டுவிட்டது.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 7, இரவு 10:20

கணக்குப் பக்கம் யாரும் வரவில்லை, அதையும் பேசுவோம். உச்சியில் பொருத்திவிட்டு இருபுறமும் ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். உச்சியை ஒட்டவைத்துவிட்டால் மொத்த ஆல்ஃபா குறுக்குவெட்டு சரியா தவறா என்ற கேள்வியே மறைந்துபோகும். ஆரத்தை 10 சதவீதம் கூட்டினால் இடப்பக்கம் மட்டுமா உயர்கிறது? அரண் தாழ்ந்ததால் ஆல்ஃபாவின் மொத்த எண்ணிக்கையும் உயரும், புரோட்டானுக்கும் அதே ஆரம் வைத்தால் அதுவும் மாறும். பார்ன் கணக்கில் போட்டுப் பாருங்கள். பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

வெள்ளி-105-இல் விலைப்பட்டியல் இது: நியூட்ரானைப் பிரிக்க 10 எம்.இ.வி. புரோட்டானுக்குப் பிரிப்பாற்றல் 5, அதன் மேல் அரண் ஏழு வரிசை; மொத்தம் 12. ஆல்ஃபாவுக்குப் பிரிப்பாற்றல் வெறும் 2, ஆனால் அரண் 13 வரிசை, மொத்தம் 15. நியூட்ரான் மலிவு, அதனால் அதுதான் அதிகம் போகும். அரணை ஒரு எம்.இ.வி. நகர்த்தினாலே ஆல்ஃபாவின் பங்கு கணிசமாக மாறுவது இதனால்தான்.

நிறைமையத்தில் 13 எம்.இ.வி. என்பது 150 டிகிரியில் 10 ஆகவும் 30 டிகிரியில் 16.3 ஆகவும் தெரியும். கூட்டுக்கருவின் பின்னடிப்பு 6.9 எம்.இ.வி.தான், இருந்தும் நகர்வு இவ்வளவு. அதனால் 50 மைக்ரான் முன்டிடெக்டர் 30-இல் பரவாயில்லை. 150-இல் அது உச்சிக்கு 2 எம்.இ.வி. கீழேயே ஸ்பெக்ட்ரத்தை வெட்டிவிடுகிறது. அரணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கும் கேள்விக்கு, அரணுக்குக் கீழே பார்க்க முடியாத கருவி.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 7, இரவு 10:55

முந்தையதன் தொடர்ச்சி. எந்த அளபுரு ஸ்பெக்ட்ரத்தின் எந்தப் பகுதியைப் பிடித்து ஆட்டுகிறது என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்: மட்ட அடர்த்தியும் (ஆற்றல் மட்டங்கள் எவ்வளவு நெருக்கம்) ஸ்பின்னும் (கருவின் சுழற்சி). இந்த வினையில் இணைவு கிட்டத்தட்ட 32 ஹெச்-பார் (ஸ்பின்னின் அலகு) வரை போகும். பரவல் முக்கோணம் என்பதால் சராசரி 21. திடக்கோள நிலைமத் திருப்புத்திறனில் 32-க்குச் சுழற்சி ஆற்றல் 16 எம்.இ.வி., 21-க்கு 7. ஒரே கூட்டுக்கரு, ஒரே கிளர்வாற்றல், ஆனால் வெப்பமாகக் கிடைப்பது 37-இலிருந்து 53 வரை. ஆல்ஃபா போன பிறகு மிச்சக் கருவுக்கு 53 − 2 − 13 − 7 = 31 எம்.இ.வி. நிறை எண்ணை 8-ஆல் வகுத்த மட்ட அடர்த்தி அளபுரு வைத்தால் வெப்பநிலை 1.57 எம்.இ.வி.; 10-ஆல் வகுத்தால் 1.75. வாலின் சரிவில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கேஸ்கேட்டில் நிலைமத் திருப்புத்திறனை ஸ்பின்னோடு ஏற்றும் இரண்டு டெல்டாக்களும் வேலை செய்வது முக்கியமாக இங்கேதான். திருப்புத்திறன் கூடினால் சுழற்சி ஆற்றல் குறையும், உயர் ஸ்பின்னிலும் மட்டங்கள் கிடைக்கும், வால் மென்மையாகும்.

ஸ்பெக்ட்ரத்தின் இடப்பக்கம்: ஊடுருவு குணகம். பழைய நிரல்களில் அது அடிநிலைக் கருவின் மேல் ஆல்ஃபா மோதும் ஒளியியல் மாதிரியிலிருந்து வருகிறது. ஹுய்செங்கா–இகோ 1962, மெக்ஃபேடன்–சாட்ச்லர் 1966. குளிர்ந்த, கோளமான, அசையாத கரு. நம்மிடம் இருப்பது ஒன்றரை எம்.இ.வி. வெப்பநிலையில் உருவமும் விளிம்பும் அலைபாயும் கரு. சராசரி உருவம் கோளமாகவே இருந்தாலும் அலைவினால் அரண் ஒரே எண்ணாக இருக்காது, ஒரு பரவலாக இருக்கும்.

சாரிட்டி தன் ஜெமினி++ நிரலில் (கேஸ்கேட் போல இன்னொரு நிரல்) இதைத்தான் செய்தார். ஊடுருவு குணகத்தை மூன்று ஆரங்களில் (நடுமதிப்பு, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து) கணக்கிட்டுச் சராசரி எடுக்கிறது. கூட்டிக் குறைக்கும் அளவு வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு ஏறும். அரணுக்குக் கீழே குணகம் அடுக்குக்குறி வேகத்தில் விழுவதால், தாழ்ந்த அரண் கொண்ட மூன்றில் ஒரு பங்கே இடப்பக்கத்தை நிரப்பிவிடும். உச்சி அதிகம் நகராது. உங்கள் 10 சதவீத ஆரக் கூட்டலோ முழு அரணையும் நகர்த்தும், உச்சியும் இடம்பெயரும். உச்சியில் இயல்பாக்கியபோது அந்த இடப்பெயர்ச்சியை உயரத்தால் மறைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வெள்ளி105 | பிப்ரவரி 8, காலை 9:15

ஆக நிரந்தரச் சிதைவும் வெப்ப அலைவும் இடப்பக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும் என்றால், பிரித்துச் சொல்ல வழி?

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 8, காலை 9:50

ஒற்றை ஸ்பெக்ட்ரத்தில் வழி இல்லை. ஸ்பின்னை மாற்ற வேண்டும். டார்கெட்டைச் சுற்றி பிஜிஓ படிகங்களை (காமாவைப் பிடிக்கும் டிடெக்டர்) அடுக்கி, எத்தனை படிகம் சேர்ந்து சுட்டன என்ற மடிப்பு எண்ணைக் கொண்டு ஆல்ஃபா ஸ்பெக்ட்ரத்தைப் பிரிக்கலாம். மடிப்பு கூடினால் ஸ்பின் கூடும். சிதைவுதான் காரணம் என்றால் மடிப்பு கூடக்கூட இடப்பக்க மிகையும் கூட வேண்டும். வெப்ப அலைவு என்றால் உயர் ஸ்பின்னில் வெப்பமாகக் கிடைக்கும் ஆற்றல் குறைவதால் மிகை கூடாது, கொஞ்சம் குறையவே செய்யலாம். மடிப்பிலிருந்து ஸ்பின்னுக்குப் போகும்போது படிகங்களின் திறனும், ஒரே காமா இரண்டு படிகத்தில் சிதறி எண்ணப்படுவதும் சேர்ந்து பரவலை அகலமாக்கும். அதனால் மடிப்பை மூன்று நான்கு பட்டைகளாகப் பிரித்தால் போதும், அதற்கு மேல் நுணுக்கம் போலி.

வேறு வழி: அதே வெள்ளி-105-ஐ, அதே கிளர்வாற்றலில், இலேசான எறிகணை கொண்டு உருவாக்குவது. ஆல்ஃபா பீம் என்றால் ரோடியம் டார்கெட்டில் ரோடியம்-103 மட்டும்தான் இயற்கையில் உண்டு, அது வெள்ளி-107-க்குப் போகும். பக்கத்து ஊர்தான், ஒப்பிட்டுப் பார்க்கத் தவறில்லை.

நியூட்ரான்_சுவர் | பிப்ரவரி 8, பகல் 2:30

எல்லாரும் ஆல்ஃபாவிலேயே தொங்குகிறீர்கள். அரண் இல்லாத நியூட்ரானை எடுத்தால் வெப்பநிலை தனியாகக் கிடைக்குமே. மட்ட அடர்த்தியை நியூட்ரானில் நிறுத்திவிட்டு, அதே அளபுருவோடு ஆல்ஃபாவுக்கு வந்தால் இடப்பக்கம் மட்டும்தான் மிச்சக் கேள்வி.

டெல்லி ஐயுஏசி முடுக்கி மையத்தில் உள்ள நியூட்ரான் அணிவரிசை மாதிரி 5 அங்குலத் திரவ ஒளிர்மானிகள், 175 செ.மீ. பறப்பு தூரம் என்று வைத்தால்: காமா 5.8 நானோசெகண்டில் வரும், 2 எம்.இ.வி. நியூட்ரான் 89-இல், 1 எம்.இ.வி. 126-இல். பீம் துடிப்பு இடைவெளி இதைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெதுவான நியூட்ரான் அடுத்த துடிப்பின் காமாவுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். துடிப்பு வடிவப் பிரிப்பும் (மின்துடிப்பின் வடிவத்தால் நியூட்ரானையும் காமாவையும் பிரிப்பது) வேண்டும், பறப்பு நேரம் மட்டும் போதாது.

சீசியம்_படிகம் | பிப்ரவரி 8, மாலை 4:00

நியூட்ரானுக்கு அரண் இல்லை, ஆனால் திறன் வளைவு இருக்கிறதே. வாசல் எத்தனை கே.இ.வி.யில் (எம்.இ.வி.யின் ஆயிரத்தில் ஒன்று) வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து 1 எம்.இ.வி. அருகே திறன் செங்குத்தாக விழும். கலிஃபோர்னியம்-252 மூலத்தோடு அதே வாசலில் அளந்து திருத்தாத நியூட்ரான் ஸ்பெக்ட்ரத்தின் வெப்பநிலையை நான் நம்ப மாட்டேன். அறைச் சுவரிலிருந்து சிதறி வருவதைக் கழிக்க நிழல் தண்டும் (நேரடி நியூட்ரானை மறைக்கும் தண்டு) வேண்டும்.

நியூட்ரான்_சுவர் | பிப்ரவரி 8, மாலை 4:20

அதெல்லாம் சேர்த்துத்தான் சொன்னேன்.

மெலிந்த_சிலிக்கான் | பிப்ரவரி 9, காலை 8:00

30 டிகிரி ஸ்பெக்ட்ரம் பற்றி யாரும் கேட்கவில்லை, அங்கே வால் எப்படி?

வெள்ளி105 | பிப்ரவரி 9, காலை 8:45

அங்கே 18-க்கு மேல் கணக்கைவிட நிறைய. முன்சமநிலை உமிழ்வு (கரு வெப்பச் சமநிலை அடையும் முன்பே துகள் வெளியேறுவது) என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 9, காலை 9:30

விடாதீர்கள். கார்பன்-12 மூன்று ஆல்ஃபா மாதிரி உடையக்கூடிய எறிகணை. பீம் வேகத்தில் போகும் ஆல்ஃபாவின் ஆற்றல் 60-இல் மூன்றில் ஒரு பங்கு, 20 எம்.இ.வி. முன்கோணத்தில் 20-ஐ ஒட்டி அகலமான மேடு தெரிந்தால் அது எறிகணை உடைந்ததிலிருந்தோ, ஒரு பகுதி மட்டும் இணைந்த அரைகுறை இணைவிலிருந்தோ வருவது. பிரிட்டும் குவின்டனும் 1961-லேயே கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் பீம்களில் இந்த வேக ஆல்ஃபாக்களைப் பார்த்துவிட்டார்கள். இங்கே அரணுக்கு மேல் மிஞ்சும் ஆற்றல் நியூக்ளியானுக்கு 2 எம்.இ.வி.கூட இல்லை, முன்சமநிலையைவிட அரைகுறை இணைவுதான் முதல் சந்தேகம். மேலே சொன்ன கரியின் 18.8-உம் அதே இடத்தில் விழுகிறது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று. 30 டிகிரி வாலிலிருந்து மட்ட அடர்த்தி எடுக்கவே கூடாது.

பீம்லைன்_காவல் | பிப்ரவரி 9, பகல் 12:10

30-இல் மீள்சிதறல் கார்பனும் வந்து சிலிக்கானை அடிக்கும், நீண்ட ஓட்டத்தில் கசிவு மின்னோட்டம் ஏறும். 80 மைக்ரான் அலுமினியத் தாள் முன்னால் வைத்தால் 60 எம்.இ.வி. கார்பன் அங்கேயே நிற்கும். விலை: கிட்டத்தட்ட 12 எம்.இ.வி.க்குக் கீழே ஆல்ஃபாவும் அங்கேயே நிற்கும். முன்கோணத்தில் அது தாங்கும். தாளில் இழந்த ஆற்றலை ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாகத் திருப்பிக் கூட்ட வேண்டும், சராசரியாக ஒரே எண்ணைக் கூட்டினால் சரிவு கெடும்.

இயல்பாக்கத்துக்கு ஃபாரடே கிண்ணத்தை மட்டும் நம்பாமல் இருபுறமும் 20 டிகிரியில் சிறிய கண்காணிப்பு டிடெக்டர் வையுங்கள். இந்த ஆற்றலில் உரசுகோணம் (கருக்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் கோணம்) 50 டிகிரிக்கு மேல். 20 டிகிரி சுத்தமான ரூதர்ஃபோர்ட் சிதறல் (மின்விலக்கு மட்டும்), ஸ்டெரேடியனுக்கு 20 பார்ன் வரிசை. இரண்டின் விகிதம் மாறினால் பீம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளி105 | மார்ச் 20, இரவு 8:10

அடுத்த பீம் நேரம் கிடைத்தது. மாற்றியவை: நியோபியம் அரை மில்லிகிராம், பின்கோண டெலஸ்கோப் இடம், வலம் இரண்டிலும், டார்கெட் பீமுக்குச் செங்குத்தாக, முன்டிடெக்டர் 25 மைக்ரான், படிகத்துக்குத் தோரியம்-229 கேலிப்ரேஷன். வாசல் 5 எம்.இ.வி.க்கு இறங்கியிருக்கிறது. இடமும் வலமும் புள்ளிவிவரப் பிழைக்குள் ஒத்துப்போகின்றன.

மிகையில் பெரும்பகுதி போய்விட்டது. 7-க்கும் 9-க்கும் நடுவே மட்டும் கேஸ்கேட்டுக்கு மேலே கொஞ்சம் நிற்கிறது. ஜெமினி++ அந்த இடத்தைத் தொடுகிறது, உச்சியில் இயல்பாக்காமல். 5-க்குக் கீழே முன்டிடெக்டரிலேயே நின்றுவிடும் துகள்களை எப்படி அடையாளம் காண்பது?

சீசியம்_படிகம் | மார்ச் 20, இரவு 9:00

5-க்குக் கீழே இங்கே ஆல்ஃபாவே கிடையாது, விட்டுவிடுங்கள். 7-க்கும் 9-க்கும் நடுவே உள்ளதற்கு ஒரு சோதனை பாக்கி: கொலிமேட்டர் விளிம்பு. 3 மி.மீ. தடிப்புள்ள பித்தளையில் நேர்த்துளை போட்டிருந்தால் துளைச்சுவரில் உரசி வரும் ஆல்ஃபா ஆற்றல் இழந்து இடப்பக்கத்தில் சேரும். தோரியம் மூலத்தின் 8.38 உச்சியை மடக்கை அளவில் வரைந்து அதன் இடப்பக்க வால் உச்சியின் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அதே சதவீதம் தரவிலும் இருக்கும். அதிகமாக இருந்தால் ஒரு மி.மீ. டேண்டலத்தில், டிடெக்டர் பக்கம் விரியும் கூம்புத்துளையாகப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 20, இரவு 9:35

இயல்பாக்காமல் தொடுகிறது என்பதே பாதி வேலை. அதே ஓட்டத்தின் புரோட்டான் ஸ்பெக்ட்ரத்தையும் அதே அளபுருக்களோடு போடுங்கள். ஆல்ஃபாவைச் சரிசெய்து புரோட்டானைக் கெடுக்கும் அளபுரு பயன்படாது. 10 மி.மீ. படிகம் 50 எம்.இ.வி. புரோட்டானையும் நிறுத்தும் என்பதால் மடிந்து திரும்பும் பட்டை பற்றிய கவலை உங்களுக்கு இல்லை. இதையே 1 மி.மீ. சிலிக்கானில் செய்பவர்களுக்கு 12 எம்.இ.வி.க்கு மேல் புரோட்டான் துளைத்து வெளியேறி, பட்டை பின்னோக்கி மடியும். அங்கே வால் என்று பார்ப்பதெல்லாம் பொய்.

மெலிந்த_சிலிக்கான் | மார்ச் 21, காலை 7:30

25 மைக்ரானுக்கு மாறியவர்கள் கவனத்துக்கு. தடிப்பு பரப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்காது, ஒன்றிரண்டு மைக்ரான் ஏறி இறங்கும். அதனால் இழப்பு–மிச்சம் வரைபடத்தில் ஆல்ஃபா பட்டை அகலமாகத் தெரியும். ஆல்ஃபாவைத் தேர்ந்தெடுக்கும் வாயிலை வரையும்போது ஹீலியம்-3 பக்கம் கொஞ்சம் தள்ளி வரையுங்கள். மொத்த ஆற்றலுக்கு இது பிரச்சினை இல்லை, இழப்பு நேரடியாக அளக்கப்படுகிறது. டிடெக்டரை டார்கெட்டுக்கு நேர்ச்செங்குத்தாக வைக்காமல் சில டிகிரி சாய்த்து வைத்தால் படிக வரிசைகளுக்கு இடையே துகள் வழுக்கிப்போய்க் குறைந்த இழப்பு காட்டுவது குறையும்.

சேம்பரைத் திறக்கும் முன் டிடெக்டருக்குக் கொடுக்கும் பயாஸ் மின்னழுத்தத்தை முழுதாக இறக்கிவிட்டுத்தான் காற்றை விட வேண்டும். இடைப்பட்ட அழுத்தத்தில் மின்பொறி பாய்ந்தால் டிடெக்டர் போச்சு. காற்றை ஊசி வால்வு வழியாக மெதுவாக விடுங்கள். பம்ப் செய்யும்போதும் அப்படியே. முன்டிடெக்டருக்கும் படிகத்துக்கும் நடுவே காற்று அடைபட்டு நின்றால், அழுத்த வேறுபாடு 25 மைக்ரான் தகட்டைக் கிழிக்கும். தாங்கியின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள்.

வெள்ளி105 | மார்ச் 21, காலை 8:05

துளை எந்த விட்டம்?

மெலிந்த_சிலிக்கான் | மார்ச் 21, காலை 8:10

2 மி.மீ. போதும். டார்கெட்டைப் பார்க்காத பக்கம் போடுங்கள், ஒளி நேராக உள்ளே போகக் கூடாது.